ஆறிப்போன கால்

தொப், தொப், தொப் என்று மூன்று நான்கு முறை. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. சரி, நின்றுவிட்டது என்று நீங்கள் பெருமூச்சு விடும்போது தடால் என்று ஒன்று, உங்கள் வீட்டு மின்விசிறியே ஆடுகிற மாதிரி. அதுவும் இருட்டின பிறகு. அதுதானே அக்கா? அதைக் கேட்கத்தானே படியேறி வந்திருக்கிறீர்கள்? வாருங்கள், உள்ளே வாருங்கள். நடுவீட்டில் என்ன மெத்தை என்று பார்க்கிறீர்களா? மிதித்தே வரலாம். மிதிப்பதற்காகத்தான் போட்டிருக்கிறேன். குதித்து விழுவதற்கு.

உங்கள் வீட்டுக்காரர், மாடியில் யாரோ அம்மிக்கல்லை உருட்டி விளையாடுகிறார்கள் என்றாராமே. பால்காரர் சொன்னார். இந்த வீட்டில் அம்மி ஏது. உங்களுக்கு முன்னால் கீழே குடியிருந்தவர்கள் விளக்குமாற்றுக் கட்டையால் அடியிலிருந்து இடிப்பார்கள். மேலே ஏறி வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்கள் கேட்க வந்தீர்கள், அதுவே எனக்குப் பெரிது. ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை வரும்போது கீழேயிருந்தே ஒரு குரல் கொடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, தெரியுமில்லையா? வருஷத்தில் பாதி தண்ணீரில். இங்கே நானும் பெனிட்டாவும் மட்டும்தான்.

பெனிட்டா என் மகள். ஐந்தாம் வகுப்பு. உள் அறையில் சாக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறாள். சாக்ஸ் போட எவ்வளவு நேரம் பாருங்கள். "பெனி! கீழ்வீட்டு ஆண்ட்டி வந்திருக்காங்க. வந்து குட் ஈவினிங் சொல்லு!"

வரமாட்டாள். கூச்சம். இல்லை, கூச்சம் என்று சொல்லக்கூடாது, பிடிவாதம். அவள் அப்பா வழி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அக்கா, ஏனென்றால் இந்தத் தெருவில் பலபேர் பலவிதமாகப் பேசுகிறார்கள். நான் அவளைக் குதிக்கவே சொல்வதில்லை. குதிப்பது கடைசியில் ஒன்றோ இரண்டோ. மற்றதெல்லாம் வார்ம்-அப்தான். வார்ம்-அப் யாரையும் ஒன்றும் செய்யாது. நல்லதுதான் செய்யும். நீங்கள் கேட்கிற சத்தத்தில் முக்கால்வாசி வார்ம்-அப் சத்தம். என்னமோ பிள்ளையைப் போட்டு அடிக்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

அது எப்படி என்றால், கால் எப்போதும் அரைத்தூக்கத்தில் இருக்கும். நடக்கிறோம், மாடி ஏறுகிறோம், அதற்கெல்லாம் அது முழிக்கத் தேவையில்லை. குதிப்பதற்கு முழிக்க வேண்டும். அதை எப்படி எழுப்புவது? காலை நீட்டிப்போட்டுக் குனிந்து பெருவிரலைத் தொடுகிறார்களே, அது தாலாட்டு. எழுப்ப வேண்டுமென்றால் பாரம் வேண்டும். முதலில் வீட்டுக்குள்ளேயே மெல்ல ஓட வேண்டும், காலை முன்னும் பின்னும் வீச வேண்டும். பிறகு முதுகில் பாரம். இவளுக்கு ஸ்கூல் பைதான். புத்தகத்தை எடுத்துவிட்டு அரிசியைக் கட்டி வைத்துவிடுவேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் சுமக்கிற பைதானே அக்கா, அதில் என்ன வந்துவிட்டது? பையோடு நாற்காலியில் உட்காரப் போகிற மாதிரி பாதி இறங்கி, உட்காராமல் எழ வேண்டும். அப்புறம் பையை இறக்கிவிட்டு முன்பாதத்தில் சின்னச் சின்னத் துள்ளல். அதுதான் உங்கள் தொப் தொப்.

பிறகுதான் முக்கியமானது. காத்திருக்க வேண்டும். உடனே குதித்தால் களைப்பு. ரொம்பக் காத்திருந்தால் ஆறிப்போகும். காபி மாதிரிதான், வாயைச் சுடுகிற நேரமும் இல்லை, பாலாடை படிகிற நேரமும் இல்லை, நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் பாரத்தின் நினைப்பு காலில் இருக்கும், பாரம் இருக்காது. இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறோம் என்று கால் நினைத்துக்கொண்டு ஒரு உதை உதைக்கும் பாருங்கள், தரையே நம்மைத் தூக்கி எறிகிற மாதிரி இருக்கும். அந்த மாதிரி ஒரு உணர்வு வேறு எதிலும் கிடையாது. கல்யாணத்தில் கிடையாது, பிள்ளை பெற்றதில் கிடையாது. எதற்குச் சொல்ல வேண்டும், விடுங்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த இடுப்பைப் பார்த்து யாரும் நம்பமாட்டார்கள். பாளையங்கோட்டையில் சிஸ்டர்மார் நடத்துகிற பள்ளியில் படித்தேன். நீளம் தாண்டுவதில் என்னை மிஞ்ச அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. இதை என் வாயால் சொல்லக் கூசவில்லை, ஏனென்றால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

எங்கள் பி.டி. டீச்சர் கோமதி மிஸ். அவர்தான் இந்தக் காலை எழுப்புகிற வித்தையெல்லாம் கொண்டுவந்தவர். ஆனால் பள்ளியில் பளுக்கம்பி கிடையாது. வாங்கித் தரச்சொல்லிக் கேட்டதற்கு சிஸ்டர் பெர்னதெத், அவர்தான் தலைமையாசிரியை, "பொம்பளப் பிள்ளைங்க பளு தூக்கினா தோளு அகலமாயிரும் மிஸ், பெறவு ரவிக்கை தைக்கிறவன் எனக்குல்லா பில் அனுப்புவான்" என்றாராம். அதனால் கோமதி மிஸ் என்ன செய்தார் என்றால், பிள்ளையைப் பிள்ளைமேல் ஏற்றிவிட்டார். என் முதுகில் ஏறுகிறவள் பேச்சித்தாய். ஹாஸ்டல் பிள்ளை, ஏதோ கரிசல் கிராமம். எலும்பும் தோலும். நனைத்து ஏற்றினால்கூடக் கனக்காது. ஏறி உட்கார்ந்து என் காது இரண்டையும் பிடித்துக்கொள்வாள். "ஏட்டி ஜெனோவா, மெதுவா எந்திரி. மேல காத்து நல்லாருக்கு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். சிரித்தால் எனக்குக் கால் தளர்ந்துபோகும், மிஸ் விசிலால் தலையில் தட்டுவார்.

அவளும் நீளம் தாண்டுகிறவள்தான். என்னை அவள் தூக்கினாளா என்றா கேட்கிறீர்கள்? அது எப்படி அக்கா முடியும்? நான் கனம். அவள் முதுகு ஒடிந்துபோகும். ஒன்றிரண்டு தடவை கேட்டாள், "எனக்கும் கொஞ்சம் ஏறி உக்காரேம்ட்டி" என்று. நான்தான் மாட்டேன் என்றேன். அவள் நல்லதுக்குத்தான். அவள் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுவாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

ப்ளஸ் டூ வருஷம் மாவட்டப் போட்டி எங்கள் பள்ளி மைதானத்திலேயே நடந்தது. அதில் ஜெயிக்கிறவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம், காலேஜ் படிப்போடு. அப்பா சொல்லியிருந்தார், "ஜெயிச்சா போ. தோத்தா இந்த ஓட்டம் சாட்டமெல்லாம் அதோட சரி. அத்தை கேட்டுவிட்ட எடத்துக்குத் தலையாட்டணும்." நான் சரி என்றேன். எனக்கென்ன பயம்? அந்த வருஷம் என்னை யாரும் தொட முடியாது.

அன்றைக்கு எல்லாம் சரியாகச் செய்தோம். ஓடினேன், வீசினேன், பேச்சியைத் தூக்கி இறக்கினேன், துள்ளினேன். கால் முழித்துக்கொண்டுவிட்டது. தொடையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் அது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டிருந்தால் நான் மணற்குழியைத் தாண்டி அந்தப் பக்கச் சுவரிலேயே போய் மோதியிருப்பேன். அப்போதுதான் மைக்கில் சிஸ்டர், "சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார். எல்லாப் போட்டியாளர்களும் மேடைக்கு முன்னால் வரிசையாக உட்காரவும்" என்கிறார்.

கோமதி மிஸ் ஓடினார். "சிஸ்டர், பிள்ளைங்க காலைச் சூடாக்கிட்டு நிக்கிதுக. இப்ப உக்கார வெச்சா அம்புட்டும் ஆறிப்போகும்." சிஸ்டர் சிரித்த முகம் மாறாமல், "சூடுதானே மிஸ், வெயில்ல தானா ஏறும்" என்றார்.

உட்கார்ந்தோம். பொன்னாடை அக்கா. பொன்னாடை. சீஃப் கெஸ்டுக்கு ஒன்று. அவர் மனைவிக்கு ஒன்று. பங்குச் சாமியாருக்கு, பந்தல் போட்டவருக்கு, தண்ணீர் பாக்கெட் கொடுத்தவருக்கு, அவருடைய மச்சானுக்கு. பொன்னாடை தீர்ந்துபோய், முதலில் போர்த்தியதையே பின்பக்கமாக வாங்கி மடித்து இன்னொருவருக்குப் போர்த்தினார்கள், நான் என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசினார்கள். இரண்டு வார்த்தை என்றால் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நான் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் எப்படிச் சொன்னாரோ அப்படி. ஒரு விரல் அசையவில்லை. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கப் போவது எனக்குத் தெரிகிறது. முதலில் கெண்டைக்கால், அப்புறம் தொடை. சொந்தப் பிள்ளை தண்ணீரில் முழுகுவதைக் கரையில் நின்று பார்க்கிற மாதிரி.

பேச்சி என் பக்கத்தில்தான். அவள் பாவாடைக்குள்ளேயே கால்விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள், குதிகாலைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் பின்னாலேயே வந்து தோளில் ஒரு கிள்ளு. பேசாமல் இருந்தாளா? "சிஸ்டர், ஒண்ணுக்கு வருது" என்று எழுந்து ஓடியேவிட்டாள். போகும்போது எனக்குக் கண்ணைக் காட்டினாள், நீயும் வா என்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! ஒண்ணுக்காம் ஒண்ணுக்கு. மேடைக்குப் பின்னால் கழிப்பறைச் சந்தில் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாலு விரக்கடை. நாலே நாலு விரல் அகலத்தில் அவள் ஜெயித்தாள். பொய் சொல்லிவிட்டுப் போய்க் குதித்தவளுக்கு விடுதி. சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தவளுக்கு அத்தை பார்த்த மாப்பிள்ளை. இதற்குப் பெயர் நியாயமா? நான் மணலில் உட்கார்ந்து அழுதபோது அவள் வந்து என் காதைப் பிடித்து ஆட்டி, "கண்ணக் காட்டுனேம்லாட்டி, வந்திருக்கலாம்லா" என்றாள். எவ்வளவு திமிர் பாருங்கள். இப்போது ரயில்வேயில் இருக்கிறாள். டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போனில் படம் போடுகிறாள். என்னை ஏதோ குழுவில் சேர்த்து, "ஏட்டி எப்படி இருக்க" என்று கேட்டிருந்தாள். பதில் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்?

ஆறிப்போனதுதான் காரணம் அக்கா. வேறு ஒன்றுமே இல்லை. அந்தக் கால் மட்டும் ஆறாமல் இருந்திருந்தால் நான் இந்த மாடியில் உட்கார்ந்து படிச்சத்தத்துக்குப் பயந்துகொண்டிருக்கமாட்டேன்.

"பெனி! சாக்ஸ் என்ன தைச்சுப் போடுறியா? ஆறேழு நிமிஷம் ஓடணும், எனக்குத் தெரியும்ல நீ சும்மா உக்காந்திருக்க!"

இவள் பிறந்ததும் நர்ஸ் என் கையில் கொடுத்தாரே, எல்லோரும் முகம் யார் ஜாடை என்று பார்த்தார்கள். நான் துணியை விலக்கிக் காலைப் பார்த்தேன். நீளமான பாதம், உயர்ந்த வளைவு. என் பாதம். ஆனால் ஆள்தான் குட்டை. வகுப்பில் முதல் வரிசை. அதனால்தான் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடவே எழுப்ப வேண்டியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை தேர்வு. விளையாட்டுப் பள்ளி ஒன்று இருக்கிறது, ஆறாம் வகுப்பிலிருந்து எடுக்கிறார்கள், அங்கேயே தங்கிப் படிப்பு. சனிக்கிழமையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு என்ன? "எனக்கு மெத்தைல படுக்கத்தான்மா பிடிக்குது, குதிக்கப் பிடிக்கல" என்கிறாள். அந்த வயதில் யாருக்கு எது பிடிக்கும்?

குதிகால் வலிக்கிறதாம். ஆமாம், நொண்டுகிறாள், நீங்களும் படியில் பார்த்திருக்கிறீர்களா? காலையில் எழுந்ததும்தான் அதிகம். கொஞ்சம் வீக்கம். இரண்டு வாரமாக இந்தப் பாட்டுத்தான். பள்ளியில் மிஸ் கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள் மேடம் என்கிறார். டாக்டர் என்ன சொல்வார், எனக்குத் தெரியாதா? ஓய்வு என்பார். சனிக்கிழமை தேர்வை வைத்துக்கொண்டு ஓய்வு என்ற சொல்லே இந்த வீட்டில் காதில் விழக்கூடாது. ஓய்வு என்றால் என்ன? ஆறிப்போவது.

இவள் அப்பாவும் அதே பாட்டுத்தான். போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது இவள் காலைத் தூக்கிக் காமிராவில் காட்டிவிட்டாள். என்னிடம் கேட்காமல்! "ஜெனோ, பிள்ளைக்குக் கால் வீங்கிக் கெடக்கு. நீ இத நிறுத்துதியா இல்லியா? லீவுல வந்து மணப்பாடு ஊர்ல எங்கம்மாட்ட கொண்டுபோய் விட்டுருவேன், சொல்லிட்டேன்." அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை அக்கா. நிஜமாகச் சொல்கிறேன். நடுவில் முழித்து முழித்து, பிள்ளை பக்கத்தில் இருக்கிறாளா என்று தொட்டுப் பார்க்கிறேன். இவளும் போய்விட்டால் நான் இந்த வீட்டில் யாரோடு இருப்பேன்? இவர் வருவதற்குள் அவள் அந்தப் பள்ளிக்குத் தேர்வாகிவிட வேண்டும்.

என்ன? அங்கே போனாலும் என்னைவிட்டுப் போவதுதானே என்கிறீர்களா?

அது வேறு. அது ஜெயித்துப் போவது.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? காபி போடட்டுமா? வேண்டாமா. சரி. நேரமாகிவிட்டது, நானும் ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் இருந்து பார்த்துவிட்டே போங்கள், அப்போதுதான் கீழே சத்தம் கேட்டால் எது எது என்று உங்களுக்குத் தெரியும். சத்தத்தைத் தெரிந்துகொண்டால் பிறகு தொந்தரவாகவே இருக்காது. இந்தப் பையைப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள், ஒன்றும் கனம் இல்லை. போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். "பெனி, வா!"

வந்துவிட்டாளே. பாருங்கள், சாக்ஸே போடவில்லை.

"ஆண்ட்டி இருக்கும்போதே சொல்லிடுறேன்மா. கால் வலிக்குது. இன்னைக்கு நான் பண்ணமாட்டேன்."

கேட்டீர்களா? ஆள் இருக்கிற தைரியம். "வலியெல்லாம் வார்ம்-அப் பண்ணா போயிரும். ஆண்ட்டி முன்னாடி அம்மாவ அவமானப்படுத்தாத. பையைப் போடு."

"போட்டா போகலம்மா. கூடத்தான் செய்யுது. நீ ஒருநாளாவது கேட்டியா?"

இப்படித்தான் பேசுவாள். அக்கா, நீங்கள் நடுவில் பேசாதீர்கள். இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடு என்று சொல்லத்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் என்பது எவ்வளவு நேரம் தெரியுமா உங்களுக்கு? என் கையை ஏன் பிடிக்கிறீர்கள்? நான் அவளை அடிக்கப் போகவில்லை. பையை மாட்டிவிடத்தான் போகிறேன். விடுங்கள்.

அதோ, கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும். ஒரு தள்ளுத் தள்ளினால் திறந்துகொள்ளும். அந்தக் கதவுக்கு உள்பக்கம் மேலே மட்டும்தான் தாழ்ப்பாள், நானே கையை முழுக்க நீட்டினால்தான் எட்டும். ஏறி நிற்க ஒரு ஸ்டூல்கூட உள்ளே கிடையாது, கட்டிலை அவளால் நகர்த்த முடியாது, அதன் மெத்தைகூட இங்கே வந்துவிட்டது. முதலில் அவள் அழுது முடிக்கட்டும்.

இருங்கள். அது என்ன சத்தம்?

எம்புகிறாள். கதவில் நகம் உரசியது கேட்டதா? பைத்தியக்காரி, கால் ஆறிக்கிடக்கிறது! ஒரு ஓட்டம் இல்லை, ஒரு துள்ளல் இல்லை, இந்தத் தரையில் வெறுங்காலோடு. "பெனி! அப்படிக் குதிக்காத! தசை பிடிச்சுக்கும்! மொதல்ல மெல்ல ஓடு, காலை வீசு, அப்புறம்..."

மறுபடியும். இந்தத் தடவை இரும்பிலேயே விரல் பட்டது. அக்கா, அது எவ்வளவு உயரம் தெரியுமா? இவள் ஒருநாளும் அவ்வளவு எழும்பியதில்லை. நான் பாரம் ஏற்றி, இறக்கி, பக்கத்திலேயே நின்று காத்திருந்து, இத்தனை நாளில் ஒருநாளும் அவ்வளவு... அதுவும் வீங்கிய காலோடு, ஆறிப்போன காலோடு. எப்படி அக்கா? அது எப்படி முடியும்?

"பெனி, செல்லம், கதவத் திற. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன். சத்தியமா. அப்படியே இன்னும் ஒரே ஒரு தடவ குதிச்சுக் காட்டு, அம்மா அளந்துக்கிடுறேன்."

குதித்துவிட்டாள்.

போட்டுவிட்டாள் அக்கா. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.